ஒளிரும் மூலக்கூறும் ஆசிரியர் பெயரும்: கேள்வி பதில்

புதுச்சேரி, கடலூர் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதி ஒளி தரும் கரிம மூலக்கூறுகளைப் பற்றியவை, பாதி ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் எங்கே வர வேண்டும் என்பதைப் பற்றியவை. எங்கள் துறையில் இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரு மூலக்கூறைத் திட்டமிடுபவர் ஒருவர், சமைப்பவர் இன்னொருவர், நிறமாலை எடுப்பவர், கணக்கிடுபவர், விளக்காகச் செய்து எரியவிடுபவர் எல்லாம் வேறு வேறு ஆட்கள். அதனால் கேள்விகளைப் பிரிக்காமல் வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

மேடம், நான் திருப்பாதிரிப்புலியூரில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். ஓ.எல்.இ.டி. திரையில், அதாவது கரிமப் பொருள் ஒளிரும் திரையில், மூலக்கூறு எப்படி ஒளி தருகிறது? பழைய பல்பு மாதிரி சூடாகித்தான் எரிகிறதா?

இல்லை தம்பி. குண்டு பல்பில் கம்பி பழுக்கக் காய்ந்து ஒளி வரும். இங்கே சூட்டுக்கு வேலையில்லை. ஒரு முனையிலிருந்து எலக்ட்ரான், மறு முனையிலிருந்து எலக்ட்ரான் இல்லாத காலியிடம், அதாவது துளை, இரண்டும் மெல்லிய கரிமப் படலத்துக்குள் வருகின்றன. ஒரே மூலக்கூறில் அவை சந்தித்தால் அந்த மூலக்கூறு கிளர்ச்சி நிலைக்குப் போகும். அங்கிருந்து கீழே இறங்கும்போது மிச்ச ஆற்றலை ஒளியாக விடும். இறங்கும் உயரம் அதிகமானால் நீலம், குறைந்தால் சிவப்பு. 1987இல் கோடாக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் அலுமினியம் சேர்ந்த ஒரு மூலக்கூறை வைத்து, 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் பளிச்சென்று பச்சை ஒளி வரவைத்தார்கள். இன்றைய திரைகளின் தொடக்கம் அதுதான்.

கரிம மூலக்கூறு ஒளிர்வதை வீட்டிலேயே பார்க்கலாம். முருங்கைக் கீரையைக் கசக்கி, சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டு. ரூபாய் நோட்டு சோதிக்கும் யூ.வி. டார்ச்சை இருட்டில் அதன்மேல் அடி. பச்சைச் சாறு சிவப்பாக ஒளிரும். அது பச்சையத்தின் ஒளி. அடுப்புப் பக்கம் மட்டும் ஸ்பிரிட்டைக் கொண்டுபோகாதே.

காலாப்பட்டிலிருந்து: 25 சதவீதம், 75 சதவீதம் என்று வகுப்பில் சொன்னார்கள். புரியவில்லை மேடம்.

எலக்ட்ரானும் துளையும் சேரும்போது அவற்றின் சுழற்சி அமையும் விதத்தால், நாலில் ஒன்று சிங்லெட் என்ற கிளர்ச்சி நிலைக்கும் மூன்று ட்ரிப்லெட் என்ற கிளர்ச்சி நிலைக்கும் போகும். சாதாரணக் கரிம மூலக்கூறில் சிங்லெட் மட்டும்தான் ஒழுங்காக ஒளிரும். நாலு ரூபாய் சம்பாதித்து மூன்றைத் தொலைப்பது போல. 1998இல் பிரின்ஸ்டன், தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களின் குழுக்கள் பிளாட்டினம் சேர்ந்த மூலக்கூறை வைத்து ட்ரிப்லெட்டையும் ஒளிரவைத்தன. அடுத்து இரிடியம் என்ற கன உலோகம் வந்தது. 2012இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழு, கன உலோகம் இல்லாமலே, அறை வெப்பத்தின் உதவியால் ட்ரிப்லெட்டை சிங்லெட்டாக மேலேற்றிக் காட்டியது. நீலம்தான் இன்னும் படுத்துகிறது. அதன் கிளர்ச்சி ஆற்றல் மூலக்கூறின் பிணைப்பையே உடைக்கும் அளவுக்குப் போவதால் ஆயுள் குறைகிறது.

பெயர் வேண்டாம், லாஸ்பேட்டை. நான் பிஎச்.டி. செய்கிறேன். சேர்மங்கள் எல்லாவற்றையும் தயாரித்து, காலம் (column) என்ற குழாயில் ஓட்டிப் பிரித்து, சப்ளிமேஷன் முறையில் ஆவியாக்கிச் சுத்தம் செய்து கொடுத்தது நான். அதை வைத்து டிவைஸ், அதாவது விளக்கு, செய்த வேறொரு குழு மாணவர் ஃபர்ஸ்ட் ஆத்தர், என் பெயர் மூன்றாவது. “நீ மெட்டீரியல் சப்ளைதானே” என்கிறார்கள். சரியா மேடம்?

அந்த வார்த்தையை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன் மா. ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

கார்பசோல் தெரியும்தானே? நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் மூலக்கூறு, ஒளிரும் பொருட்களில் பாதியில் அதன் துண்டு எங்கேயாவது இருக்கும். விளக்கை அணைத்த பிறகும் சில நொடிகள் ஒளிரும் கார்பசோல் படிகங்களைப் பற்றிப் பல கட்டுரைகள் வந்தன. மூலக்கூறுகள் படிகத்தில் அடுக்கப்பட்ட விதம்தான் காரணம் என்று நம்பினோம். சிங்கப்பூரில் பின் லியூ குழு கார்பசோலைக் கடையில் வாங்காமல் தாங்களே தயாரித்தது. அந்த நீடித்த ஒளி ஏறக்குறைய மறைந்தே போனது. கடைச் சரக்கில் 0.5 சதவீதத்துக்கும் குறைவாக ஒட்டியிருந்த ஓர் ஐசோமர்தான், அதாவது அதே அணுக்கள் வேறு விதமாக இணைந்த மூலக்கூறுதான், அத்தனையையும் செய்திருக்கிறது. நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் வந்த வேலை இது. சுத்தம் செய்வது எடுபிடி வேலை என்று நினைக்கும் யாருக்கும் இதைக் காட்டுங்கள். ஒளி எந்த மூலக்கூறிலிருந்து வருகிறது என்று உறுதியாகச் சொல்லத் தகுதி உள்ளவர், சுத்தம் செய்து அதை நிரூபித்தவர்தான்.

இனி உங்கள் கேள்வி. வேதியியலில் முதல் பெயர் பெரும்பாலும் அதிக வேலை செய்த மாணவருக்கு, கடைசிப் பெயர் கைடுக்கு. நடுவில் இருப்பவர்களை வெளியில் யாரும் கவனிப்பதில்லை. கட்டுரையின் புதுமை மூலக்கூறிலா, டிவைஸிலா என்று பாருங்கள். தலைப்பிலும் சுருக்கத்திலும் மூலக்கூறைத்தான் புதிது என்று எழுதியிருக்கிறார்களென்றால், முதல் இடத்தைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இரண்டும் சம பங்கு என்றால், இருவரும் சமமாகப் பங்களித்தார்கள் என்ற அடிக்குறிப்போடு முதல் இடத்தைப் பகிர்ந்துகொள்ளச் சொல்லுங்கள், நிறைய இதழ்கள் அனுமதிக்கின்றன. கைடிடம் வாய்ப்பேச்சாக வேண்டாம். என்.எம்.ஆர்., மாஸ், எச்.பி.எல்.சி. சோதனைகள் செய்த தேதிகளோடு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கிரெடிட் என்று 14 வகைப் பங்களிப்புகள் கொண்ட பட்டியல் இருக்கிறது, அதில் எது யார் செய்தது என்று நிரப்பித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுத உட்கார்ந்தாலே பலரின் பேச்சு மாறிவிடும். அடுத்த கட்டுரைக்கு இதை வேலை தொடங்கும் அன்றே முடித்துவிடுங்கள்.

நெல்லிக்குப்பம், கல்லூரி ஆசிரியர்: என் எச்-இன்டெக்ஸ் 9. சக ஆசிரியருக்கு 30. அவர் என்னைவிட மூன்று மடங்கு நல்ல ஆய்வாளரா?

அந்த எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது ஐயா. 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொண்டுவந்த கணக்கு இது. குறைந்தது 9 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் உங்களுக்கு 9 இருக்கின்றன, அவ்வளவுதான் பொருள். முதல் ஆசிரியரா நாற்பதாவது ஆசிரியரா என்று அது பார்ப்பதில்லை. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்த கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் முகவரியும்தான். அந்தக் கட்டுரை ஒவ்வொருவர் கணக்கிலும் முழுதாக ஒன்று என்று ஏறும். மறுபுறம், பல்லாயிரம் முறை மேற்கோள் காட்டப்பட்ட அந்த 1987 கோடாக் கட்டுரைக்கு ஆசிரியர்கள் இரண்டே பேர். எச்-இன்டெக்ஸில் அதற்கும் கிடைப்பது அதே ஒன்றுதான். ஒரு துறையையே தொடங்கி வைத்த வேலைக்கு இந்த அளவுகோல் தரும் மதிப்பு அவ்வளவே. துறைக்குத் துறை மேற்கோள் வழக்கமும் வேறு. பதவி உயர்வுக் குழுவில் உட்காருபவர்களிடம் நான் கேட்பது, விண்ணப்பித்தவர் தேர்ந்தெடுத்துத் தரும் மூன்று கட்டுரைகளையாவது படியுங்கள் என்பதுதான்.

வில்லியனூர், ஓய்வு பெற்ற ஆசிரியர்: ராமன் விளைவில் கே.எஸ். கிருஷ்ணனின் இடம் என்ன அம்மா?

1928 மார்ச்சில் நேச்சர் இதழில் வந்த அறிவிப்புக் கடிதத்தில் ராமன், கிருஷ்ணன் இருவர் பெயரும் இருக்கின்றன. 1930 நோபல் பரிசு ராமனுக்கு மட்டும். வத்திராயிருப்பில் பிறந்த கிருஷ்ணன் பிறகு டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார், அதனால் அவர் பெயர் மறைந்துபோகவில்லை. ஆனாலும் பள்ளியில் இந்தப் பாடம் நடத்தும்போது இரண்டு பெயரையும் சொல்லுங்கள் ஐயா. கடிதத்தில் இருப்பதைச் சொன்னால் போதும்.

பாகூர்: என் பெயருக்கு முன் இனிஷியல் மட்டும்தான். ஒரு பேப்பரில் அப்பா பெயர் சர்நேமாகப் போய்விட்டது, இன்னொன்றில் இனிஷியல் பின்னால். தேடினால் இரண்டு ஆளாகக் காட்டுகிறது.

தமிழ்ப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. குடும்பப் பெயர் என்ற கட்டம் நமக்காக உண்டானதல்ல. ஒரே இனிஷியலோடு எத்தனை குமார், எத்தனை செந்தில்! முதல் பேப்பருக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து கடைசிவரை மாற்றாதீர்கள். ஆய்வாளருக்கான அடையாள எண்ணான, 2012இல் தொடங்கிய ஆர்கிட் எண்ணை இன்றே வாங்குங்கள், 16 இலக்கம், இலவசம். பழைய இரண்டு கட்டுரைகளையும் அதில் சேர்த்துவிடலாம். ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்திலும் இரண்டு பக்கங்களை ஒன்றாக்கக் கோரிக்கை அனுப்ப வழி இருக்கிறது.

துறைத் தலைவர் பெயரை எல்லாப் பேப்பரிலும் போட வேண்டுமா?

வேண்டாம். கருவி, இடம், பணம் கொடுத்தவருக்கு நன்றியுரை இருக்கிறது. ஆசிரியர் என்றால் வேலையில் பங்கு, எழுத்தில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், தவறு வந்தால் பதில் சொல்லும் பொறுப்பு, நான்கும் வேண்டும் என்பது மருத்துவ இதழாசிரியர் குழுவின் விதி. எங்கள் துறைக்கும் அது பொருந்தும்.

சாட்ஜிபிடி பெயரைப் போடலாமா?

கூடாது. அந்தப் பொறுப்பை அது ஏற்க முடியாது. 2023இலேயே நேச்சர், சயின்ஸ் இரண்டும் மறுத்துவிட்டன. பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று கட்டுரையில் எழுதுங்கள்.

தேவனாம்பட்டினம்: சில இரவுகளில் கடல் அலை நீலமாக மின்னுகிறது என்கிறார்களே, அதுவும் இதே ஒளிதானா மேடம்?

மூலக்கூறு மேலேறி இறங்குவது அதேதான். ஏற்றிவிடுவது மட்டும் மின்சாரமல்ல, வேதிவினை. நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி, அலை அடிக்கும்போது லூசிஃபெரின் என்ற பொருளை ஆக்ஸிஜனோடு சேர்த்து மின்னுகிறது. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் நிறையப் பேர் பார்த்தார்கள்.

எந்த யூ.வி. டார்ச் வாங்குவது?

கீரைச் சாறுக்கும் ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சள் தூளுக்கும் 395 நானோமீட்டர் அலைநீள டார்ச் போதும், விலையும் குறைவு. ரூபாய் நோட்டின் இழைகளைத் தெளிவாகப் பார்க்க 365 நல்லது. எதுவானாலும் கண்ணில் அடிக்காதீர்கள், குழந்தைகள் கையில் தனியாகக் கொடுக்காதீர்கள்.