ஆக்டேவியாவுக்கு விஆர்எஸ் பிரேக்: வாங்கும் முன் வீலைக் கழற்றிப் பாருங்கள்

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: என்னிடம் 2009 ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ இருக்கிறது. முன் டிஸ்க் 280 மிமீ. பழைய கார்களைப் பிரித்து விற்கும் யார்டு ஒன்றில், அதே தலைமுறை ஆக்டேவியாவின் வேகமான ரகமான விஆர்எஸ் காரின் 312 மிமீ டிஸ்க்கும், பேட்களை அழுத்தி டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பரும் மலிவாகக் கிடைக்கின்றன. அப்படியே மாட்டிவிடலாமா? மோட்டார்வேயில் பிரேக் போதவில்லை என்று தோன்றுகிறது. போன கோடையில் வேல்ஸ் மலைப்பாதையில் இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது.

நீங்கள் சொல்வது இரண்டு வெவ்வேறு குறைகள். பெரிய டிஸ்க் அதில் ஒன்றுக்குத்தான் மருந்து, அதுவும் பாதி மருந்து.

மோட்டார்வே விஷயத்தை முதலில் பார்ப்போம். மணிக்கு 70 மைல் வேகத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்க 75 மீட்டர் ஆகும் என்கிறது பிரிட்டனின் ஹைவே கோட். கால் பெடலுக்குப் போவதற்குள் ஓடிவிடும் 21 மீட்டர் தனி. ஓங்கி மிதித்தால் உங்கள் காரில், வீல் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் துடிக்கிறதா? துடித்தால், இருக்கிற 280 டிஸ்க்கே டயரைப் பூட்டும் அளவுக்குப் பலமாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் தடுப்பது தார்ச்சாலையும் ரப்பரும்தான். 312 போட்டால் அதே கால் அழுத்தத்துக்குப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதல் பிடி கிடைக்கும், ஏனென்றால் பேட் அச்சிலிருந்து தள்ளிப் பிடிக்கிறது. பெடல் விறைப்பாக, மனசுக்கு இதமாக இருக்கும். ஆனால் நிற்கும் தூரம் குறையாது. அது குறைய வேண்டுமென்றால் அந்தக் காசை நான்கு நல்ல டயரில் போடுங்கள்.

வேல்ஸ் கதை வேறு. அங்கே பிரச்சினை சூடு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள்: 1,400 கிலோ வண்டி 70 மைல் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 685 கிலோஜூல் சூடாக மாறுகிறது. அதில் எழுபது சதவீதம் முன் பிரேக்குக்குப் போகிறது, டிஸ்க் ஒன்று ஏழு கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒருமுறை நிற்பதில் டிஸ்க்கின் சூடு ஏறக்குறைய 75 டிகிரிதான் ஏறும். ஒன்றும் ஆகாது. ஆறாமல் பத்து முறை தொடர்ந்து பிடித்தால்தான் வினை. அங்கேதான் 312 மிமீ விட்டமும் 25 மிமீ தடிமனும் உள்ள டிஸ்க் உதவும். உங்களுடையது பெரும்பாலும் 22 மிமீ இருக்கும்.

ஆனால் பெடல் பஞ்சானது டிஸ்க் சிறிதாக இருந்ததால் அல்ல. பிரேக் ஆயில் கொதித்ததுதான் காரணம் என்று பந்தயமே கட்டுவேன். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 155 தான். கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. ஆவியை அமுக்கலாம், ஆகவே கால் உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றியாக வேண்டும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? அப்புறம், இறக்கத்தில் கியரைக் குறையுங்கள். டீசல் எஞ்சின் பாதி வேலையைச் செய்துவிடும்.

இதெல்லாம் செய்த பிறகும் ஆசை விடவில்லையா? சரி, போடலாம். இந்தத் தலைமுறை ஆக்டேவியாவும் ஐந்தாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் ஒரே அடித்தளம். கோல்ஃப் ஜிடிஐயிலும் முன்னால் இதே 312 அளவுதான். ஆனால் யார்டுக்குப் போவதற்கு முன் ஒரு முன்வீலைக் கழற்றி உள்ளே பாருங்கள். பேட் உட்காரும் தாங்கி, அதாவது கேரியர், இரண்டு பெரிய போல்ட்டில் மாட்டிய தனி உருப்படியா? அப்படியென்றால் கேலிப்பர், கேரியர் இரண்டையும் ஒரே காரிலிருந்து செட்டாக எடுத்துக்கொண்டால் வேலை சுலபம். மாறாக, கேரியர் வீலைத் தாங்கும் நக்கிளோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தால் விஆர்எஸ் கேலிப்பரை மாட்ட அங்கே இடமே கிடையாது. நக்கிளையும் மாற்ற வேண்டும். பேரிங், பால் ஜாயிண்ட், அலைன்மெண்ட் என்று செலவு வால் பிடித்துக்கொண்டு வரும். அந்த நிலையில் நானாக இருந்தால் விட்டுவிடுவேன்.

யார்டில் டிஸ்க்கையும் பேடையும் வாங்க வேண்டாம், அவை புதிதாகவே இருக்கட்டும். 25 மிமீ டிஸ்க் 22க்குத் தேய்ந்தால் அதன் ஆயுள் முடிந்தது. கேலிப்பரில் பிஸ்டன் கையால் தள்ள நகர்கிறதா, ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். எப்படியிருந்தாலும் சீல் கிட் மாற்றிவிடுவது நல்லது. அதன் விலை அற்பம்.

அடுத்தது ரிம். 312 டிஸ்க்குக்குக் குறைந்தது 16 இன்ச் வேண்டும். எல்லா 16 இன்ச் ரிம்மும் சேரும் என்றும் இல்லை, ஸ்போக்கின் உட்புறம் கேலிப்பரில் உரசலாம். மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அது 15 இன்ச் என்றால் முன்னால் ஏறவே ஏறாது. இந்த உண்மை மழையில், இருட்டில், ரோட்டோரத்தில்தான் தெரியவரும்.

பின் பிரேக்கைத் தொட வேண்டாம். முன்னால் கொஞ்சம் கூடுதலாகப் பிடிப்பது பாதுகாப்பான பக்கத்துத் தவறு. கோல்ஃபின் இன்னும் வேகமான ரகமான ஆர்32 காரின் 345 மிமீ செட் கண்ணில் பட்டாலும் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் எஞ்சினுக்கு அது வெறும் கனம்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இந்த மாற்றத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிரேக்கை நல்லதாக்கத்தானே செய்தேன் என்ற வாதம், விபத்துக்குப் பிறகு க்ளெய்ம் கேட்கும்போது கை கொடுக்காது. பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுத்து, வீல் போல்ட்டுகளை 120 நியூட்டன் மீட்டரில் முறுக்கிய பின், புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய, காலியான ரோட்டில் 50 மைலிலிருந்து 10 மைலுக்கு நிதானமாகப் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். நடுவில் வண்டியை முழுசாக நிறுத்த வேண்டாம். அப்புறம் பிரேக்கை அதிகம் தொடாமல் சில மைல் ஓட்டி ஆறவிடுங்கள்.