கப்படோக்கியாவில் ஒரு நாள் வழிகாட்டிச் சுற்றுலா எடுக்கலாமா, நாமே சுற்றிக்கொள்ளலாமா?

கேள்வி இதுதான்: துருக்கியின் கப்படோக்கியாவில் இரண்டு நாள் தங்கப் போகிறோம். அந்த விசித்திரமான பாறைகளையும் குகைத் தேவாலயங்களையும் பார்க்க, வேனில் கூட்டிப்போகும் ஒரு நாள் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுவது தகுமா?

கட்டலாம். ஆனால் பாறைகளுக்காகக் கட்டாதீர்கள், தேவாலயங்களுக்காகக் கட்டுங்கள். மறுநாள் காலை அதே தேவாலயங்களுக்கு நீங்களாகவே இன்னொரு தடவை போய் வாருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நானும் அப்பாவும் ஓர் அக்டோபரில் போனோம். அப்பாவுக்கு 68 வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், முழங்கால் கொஞ்சம் தகராறு. பைபிள் வாசிப்பவர் என்பதால் ஊர்ப் பெயர் அவருக்குப் பழக்கம். அப்போஸ்தலர் நடபடிகளில் பெந்தெகொஸ்தே நாளன்று கூடியிருந்தவர்களின் பட்டியலில் ‘கப்பத்தோக்கியா’ என்று வருமே, அது இதுதான். நான் பலூன் படங்களைப் பார்த்து டிக்கெட் போட்டேன், அவர் அந்த ஒரு வசனத்துக்காகக் கிளம்பி வந்தார்.

அங்கே எல்லாக் கடைகளிலும் இரண்டு சுற்றுலாக்களைத்தான் விற்கிறார்கள். ஒன்று சிவப்பு, இன்னொன்று பச்சை. சிவப்பு என்றால் வடக்குப் பக்கம்: உச்ஹிசார் கோட்டைப் பாறை, கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகம், அவனோஸ், பாஷாபா, தெவ்ரென்ட் பள்ளத்தாக்கு. பச்சை என்றால் தெற்கு: நிலத்தடி நகரம், இஹ்லாரா பள்ளத்தாக்கு, செலிமே மடம். தேவாலயம்தான் முக்கியம், ஒரு நாள்தான் கையில் என்றால் சிவப்பு. இஹ்லாராவிலும் ஆற்றங்கரையோரம் நல்ல தேவாலயங்கள் உண்டு, ஆனால் நூற்றுக்கணக்கான படிகள் இறங்கி ஏற வேண்டும். அப்பாவின் முழங்காலை நினைத்து நாங்கள் சிவப்பையே எடுத்தோம்.

பாறைக்கு வழிகாட்டி வேண்டாம் என்றேன் இல்லையா, அந்தக் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எர்ஜியஸ் (3,917 மீட்டர்), ஹசன் மலை போன்ற எரிமலைகள் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு கக்கிய சாம்பல் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி, டஃப் என்ற மென்பாறையாகிவிட்டது. அதன்மேல் ஆங்காங்கே பசால்ட் மாதிரி கடினமான பாறை மூடியது. மழையும் காற்றும் பனியும் மென்பாறையை அரிக்கின்றன. மேலே கடினக் கல் தொப்பி இருக்கிற இடம் மட்டும் தப்பித்துத் தூணாக நிற்கிறது. தொப்பி விழுந்துவிட்டால் அந்தத் தூணும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூம்பிக் கரைந்துபோகும். துருக்கியர்கள் இவற்றை ‘பெரி பஜாஸி’, அதாவது தேவதைகளின் புகைபோக்கி என்கிறார்கள். இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கண் பார்த்துக்கொள்ளும். தெவ்ரென்ட் பள்ளத்தாக்கில் வேனை நிறுத்தி, ‘அதோ ஒட்டகம், இதோ டால்பின்’ என்று காட்டினார்கள். ஒட்டகம் நிஜமாகவே ஒட்டகம் போலத்தான் இருந்தது. டால்பினுக்கு நிறைய நல்ல மனசு வேண்டும்.

பாஷாபாவில் மட்டும் கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். ஒரே தண்டில் மூன்று தொப்பி வைத்த தூண்கள் அங்கேதான் இருக்கின்றன. அதில் ஒன்றைக் குடைந்து புனித சிமியோனுக்கு ஒரு சிற்றாலயமும் துறவிக்கு ஓர் அறையும் செய்திருக்கிறார்கள். சிரியாவில் தூணின் உச்சியிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்த அதே சிமியோன்தான். தூண் மேல் இருந்த சாமியாருக்குத் தூணுக்குள்ளே கோயில்.

இப்போது கோரெமே திறந்தவெளி அருங்காட்சியகம். பெயரைக் கேட்டுப் பெரிய கட்டடத்தை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பள்ளத்தைச் சுற்றி நிற்கும் பாறைகளுக்குள் பத்துப் பன்னிரண்டு தேவாலயங்களும் துறவியர் குடியிருப்புகளும் குடையப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். 1985 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் இடம். நான்காம் நூற்றாண்டில் இந்த வட்டாரத்துக்குத் தலைமையாக இருந்த செசரியாவில் (இன்றைய கைசேரி) ஆயராக இருந்தவர் புனித பசிலியார். கிழக்குச் சபைத் துறவிகள் கூடி வாழ்வதற்கான விதிமுறைகளை வகுத்தவர். அவருடைய ஊக்கத்தில்தான் இந்தப் பக்கம் துறவு வாழ்க்கை வேரூன்றியது. ஆனால் இப்போது நாம் பார்க்கிற ஓவியங்களில் பெரும்பாலானவை பத்து, பதினோராம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

வழிகாட்டியாக வந்தவர் ஒரு இளம்பெண். ஒவ்வொரு தேவாலயத்துக்கும் வெளியே நிறுத்தி, டேப்லெட்டில் படத்தைக் காட்டி, உள்ளே எதை எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எங்களை அனுப்பினார். உள்ளே இடம் சின்னது, பேச்சுக்கு வழியில்லை, புகைப்படத்துக்கும் தடை. அந்த இரண்டு நிமிட விளக்கம் இல்லாமல் போயிருந்தால் நான் பார்த்திருக்கப் போவது புகை படிந்த சில முகங்கள்தான்.

முதலில் பர்பரா சிற்றாலயம். நேரே பாறைமேல் செங்காவியால் கோடு, கட்டம், சிலுவை. குழந்தை சுவரில் கிறுக்கினது மாதிரி. அப்பா, “இதென்னடா, வேலையைப் பாதியில விட்டுட்டுப் போய்ட்டாங்களா?” என்றார். விஷயம் வேறு. பைசாந்தியப் பேரரசில் (கிழக்கு ரோமப் பேரரசு) எட்டாம் நூற்றாண்டு தொடங்கி 843 வரை, இடையில் சில ஆண்டுகள் நீங்கலாக, திருவுருவங்கள் கூடாது என்று ஒரு பெரிய சண்டை நடந்தது. இந்தக் காவிக் கோலங்களை அந்தக் காலத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம், ஆனால் அதற்குப் பிறகும் இந்தப் பாணி தொடர்ந்திருக்கிறது. பக்கத்திலேயே எல்மாலி, ஆப்பிள் தேவாலயம். அங்கே சுண்ணாம்புப் பூச்சின்மேல் வண்ண வண்ணமாக முழு ஓவியங்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் உற்றுப் பார்த்தால் அடியில் அதே காவிச் சிலுவைகள் எட்டிப் பார்க்கின்றன. ஒரே சுவரில் இரண்டு காலம். இதை வழிகாட்டி சொல்லாவிட்டால் உதிர்ந்த பூச்சைப் பார்த்து ‘ஐயோ பாவம், வீணாப்போச்சே’ என்றுதான் நகர்ந்திருப்பேன்.

எல்மாலியில்தான் இன்னொன்றும் நடந்தது. நான்கு தூண், நடுவில் குவிமாடம், நான்கு பக்கமும் வளைவு. அப்பா ஒரு தூணைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெளியே வந்ததும், “தம்பி, இது மலையைக் குடைஞ்சது. அப்புறம் தூண் எதைத் தாங்குது?” என்று கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். வழிகாட்டிப் பெண் சிரித்துவிட்டு, எதையும் தாங்கவில்லை என்றார். நகரங்களில் கல்லை அடுக்கிக் கட்டிய தேவாலயம் எப்படி இருக்குமோ, அதே அச்சில் பாறையைச் செதுக்கி எடுத்திருக்கிறார்கள். கட்டடத்தில் தூண் இருக்கும், ஆகவே இங்கேயும் தூண். இந்த வட்டாரத்தில் சில தேவாலயங்களில் தூணின் கீழ்ப்பாதி உடைந்துபோயிருக்கும், மேல்பாதி கூரையிலிருந்து பல் மாதிரி தொங்கும், குவிமாடம் அசையாமல் நிற்கும். அன்று முழுக்க அப்பா எந்தத் தூணைப் பார்த்தாலும், “சும்மா நிக்கிறவன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

வழிகாட்டி சொல்வதையெல்லாம் அப்படியே விழுங்க வேண்டியதும் இல்லை. யிலான்லி என்ற பாம்புத் தேவாலயத்தில் (புனித ஜார்ஜும் தியோடோரும் குதிரைமேல் இருந்து நாகத்தைக் குத்துகிறார்கள், பெயர் அதனால்) நீண்ட தாடியும் பெண்ணின் உடலும் போலத் தோன்றும் ஓர் உருவம் உண்டு. அழகான பெண் ஒருத்தி ஆண்களின் தொல்லை தாங்காமல் கடவுளிடம் வேண்ட, தாடி முளைத்தது என்று ஒரு கதை சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த உருவம் ஒனுஃபிரியஸ், எகிப்துப் பாலைவனத்தில் தனியே வாழ்ந்த ஆண் துறவி. தாடியும் இடுப்பை மறைக்கும் இலையும் அவருக்கே உரிய அடையாளங்கள். அதேபோல ‘கப்படோக்கியா என்றால் அழகிய குதிரைகளின் நாடு’ என்பதையும் எல்லா வேனிலும் சொல்கிறார்கள். பாரசீக மன்னர் தாரியஸின் கல்வெட்டில் ‘கட்பதுகா’ என்ற பெயர் இருப்பது உண்மை. குதிரை அர்த்தத்துக்குத்தான் உறுதியான ஆதாரம் இல்லை.

அடுத்து கரன்லிக், இருட்டுத் தேவாலயம். இதற்குத் தனிக் கட்டணம், எங்கள் சுற்றுலாவில் அது சேரவில்லை. கூட வந்த பாதிப் பேர் வெளியே நின்றுவிட்டார்கள். நீங்கள் நிற்காதீர்கள். ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் கொஞ்சம் வெளிச்சம் வருகிறது, பெயரும் அதனால்தான். அந்த இருட்டே ஓவியத்தைக் காப்பாற்றியும் கொடுத்திருக்கிறது. வெயில் படாததால் பதினோராம் நூற்றாண்டு நீலமும் பொன் மஞ்சளும் நேற்றுப் பூசியது போல இருக்கின்றன. பிற்காலத்தில் ஊர்க்காரர்கள் இதைப் புறாக்கூடாக வைத்திருந்தார்கள். இங்கே புறா எச்சம் திராட்சைத் தோட்டத்துக்கு அருமையான எரு. இப்பகுதித் தேவாலயங்களில் ஒன்றைக் கவனியுங்கள்: கைக்கு எட்டும் உயரத்தில் உள்ள முகங்களில்தான் கண்கள் சுரண்டப்பட்டிருக்கும், பெயர்கள் கீறப்பட்டிருக்கும். எட்டாத உயரத்தில் எல்லாரும் முழுசாக இருப்பார்கள்.

கரன்லிக்கில் எங்களுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். மொத்த அருங்காட்சியகத்துக்கும் ஒன்றேகால் மணி நேரம். மதியம் ஒரு கல் நகைக் கடையில் முக்கால் மணி நேரம்! எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை, ஏறக்குறைய எல்லாக் குழுச் சுற்றுலாக்களிலும் இந்தக் கடை நிறுத்தம் இருக்கிறது. பதிவு செய்வதற்கு முன் ‘எத்தனை கடை, எவ்வளவு நேரம்’ என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அவனோஸ் மட்பாண்டப் பட்டறையை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். துருக்கிக்குள்ளேயே பிறந்து துருக்கிக்குள்ளேயே கடலில் கலக்கும் மிக நீளமான ஆறான கிசில்இர்மாக் (செவ்வாறு, 1,355 கி.மீ.) ஊர் நடுவே ஓடுகிறது. அந்தச் செம்மண்ணில்தான் அங்கே பானை வனைகிறார்கள். காலால் உதைத்துச் சுற்றும் சக்கரத்தில் ஒரு பெரியவர் இரண்டு நிமிடத்தில் மூடியோடு ஒரு சர்க்கரைக் கிண்ணம் செய்தார். மூடி முதல் தடவையே கச்சிதமாகப் பொருந்தியது. வாங்கச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை.

இனி மறுநாள். கோரெமே ஊரிலிருந்து அருங்காட்சியகம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், நடந்தே போகலாம். வாசல் திறந்தவுடன், பேருந்துகள் வருவதற்கு முன்பே போய்விட்டோம். மறுபடியும் டிக்கெட், மறுபடியும் கரன்லிக் கட்டணம். அப்பா முணுமுணுத்தார். உள்ளே போனதும் நாங்கள் இரண்டு பேர், ஒரு காவலர், அவ்வளவுதான். முதல் சில நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்: பிறப்பு, ஞானஸ்நானம், கடைசி இராவுணவு, யூதாஸின் முத்தம். அப்பா ஒவ்வொன்றுக்கும் அதிகாரமும் வசனமும் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். காவலருக்குத் தமிழ் புரியாது, ஆனாலும் அவர் செல்போனைக் கீழே வைத்துவிட்டார். முந்தின நாள் அந்தப் பெண் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்ததால்தான் இன்றைக்குத் தேடாமல் பார்க்க முடிந்தது.

திரும்பும்போது டிக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எல்லாவற்றிலும் பெரியதான டோகாலி தேவாலயம் வாசலுக்கு வெளியே, சாலையோரம் கொஞ்சம் கீழே இருக்கிறது. அதே டிக்கெட் அங்கேயும் செல்லும். இது தெரியாமல் எத்தனையோ பேர் நேரே பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். முன்பகுதியில் பழைய தேவாலயம், கூரை வளைவில் இயேசுவின் வாழ்க்கை படக்கதை போல வரிசை வரிசையாக ஓடுகிறது. அதைத் தாண்டிப் போனால் புதிய தேவாலயம், சுவர் முழுக்க ஆழ்ந்த நீலம். லாபிஸ் லசூலி கல்லை அரைத்து எடுத்த நீலம் அது. ஒரே ஒரு தேவாலயம்தான் பார்க்க நேரம் என்றால் நான் இதற்குத்தான் போவேன்.

இங்கே வாழ்ந்த கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் எங்கே என்று அப்பா கேட்டார். 1923-இல் கிரேக்கமும் துருக்கியும் மக்களை மாற்றிக்கொள்ள ஒப்பந்தம் போட்டபோது அவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள், அங்கிருந்து முஸ்லிம்கள் இங்கே வந்தார்கள். இதை வேனில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நேரம் இருந்தால் உர்குப் ஊருக்குப் பக்கத்தில் முஸ்தஃபாபாஷா (பழைய பெயர் சினாசோஸ்) போய், அவர்கள் விட்டுப்போன கல் வீடுகளின் வாசல் வேலைப்பாட்டைப் பாருங்கள்.

சில்லறை விஷயங்கள். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போன எனக்குப் பருப்பு சூப்பும் ரொட்டியும் சாலட்டும்தான். கட்டணங்கள் அடிக்கடி ஏறுகின்றன, பழைய பதிவுகளில் உள்ள தொகையை நம்பி லிரா மாற்றாதீர்கள். பலூன் சவாரி காற்றைப் பொறுத்தது, எங்களுக்கு இரண்டு நாளும் ரத்து. வழுக்காத ஷூ வேண்டும். கறுப்பு பேன்ட் மட்டும் வேண்டாம்: எங்கே சாய்ந்தாலும் அந்தப் பாறை சாக்பீஸ் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. அப்பா முப்பத்தைந்து வருஷம் கரும்பலகை முன் நின்றவர், ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்துவிட்டார். நான்தான் இஸ்தான்புல் வரைக்கும் துடைத்துக்கொண்டே வந்தேன்.