லேமினேட் செய்யாதீர்கள்!

கேள்வி: நினைத்த நிமிடத்தில் வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாம். இந்தக் காலத்தில் போய்க் கையால் கடிதம் எழுதச் சொல்கிறீர்களே, இது வெறும் பழம்பெருமைதானே?

பதில்: கொஞ்சம் அதுவும் உண்டு, மறுக்கவில்லை. 'வந்து சேர்ந்துவிட்டேன்' என்று சொல்ல போன் போதும். 1624-ல் அஞ்சல் சேவை தொடங்கிய டென்மார்க்கில், அரசு அஞ்சல் நிறுவனம் 2025 இறுதியோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. சரி, காலம் மாறுகிறது.

ஆனால் என் அத்தை எழுதிய ஒரு கடிதத்தைச் சொல்கிறேன். 'உன் மேல் கோபம்' என்று எழுதி, கோபத்தை அடித்துவிட்டு, மேலே 'வருத்தம்' என்று எழுதியிருப்பார். அடித்த கோட்டுக்கு அடியில் அந்தக் கோபம் இன்னமும் நன்றாகப் படிக்கக் கிடைக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் வருத்தம் மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கும். கடைசிப் பக்கத்தில் இடம் போதாமல் ஓரத்தில் தாளைத் திருப்பி நுணுக்கி எழுதுவார். முக்கியமான சேதி எப்போதும் அங்கேதான் இருக்கும்!

கேள்வி: காலமான அப்பாவின் கடிதங்கள் மடிப்பில் கிழிகின்றன. லேமினேட் செய்து வைக்கட்டுமா?

பதில்: ஐயோ, வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கப் போனால் தாளும் சேர்ந்தே வந்துவிடும். செல்லோடேப்பும் கூடாது, அதன் பசை நாளடைவில் மஞ்சளித்துத் தாளுக்குள் இறங்கும். முதலில் குண்டூசி, ஸ்டேப்ளர் பின்களை எடுத்துவிடுங்கள், துரு ஏறித் தாளை அரிக்கும். மடிப்பைப் பிரித்துத் தட்டையாக, அமிலமில்லாத தாளுறையில் போட்டு, வெளிச்சமும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். பழைய செய்தித்தாளில் சுற்றி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்தத் தாளின் அமிலம் கடிதத்துக்கும் தாவும். உறைகளையும் தூக்கிப் போடாதீர்கள். அப்பா தேதி போட மறந்திருந்தால் அஞ்சல் முத்திரைதான் சாட்சி.

அப்புறம், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். ஏதோ ஒரு மின்னஞ்சலில் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டாம். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை நீக்கலாம் என்பது கூகுளின் விதி.

கேள்வி: எனக்கு வந்தவற்றை நான் பத்திரப்படுத்துகிறேன். நான் எழுதியவற்றை மற்றவர்கள் வைத்திருப்பார்களா?

பதில்: அது உங்கள் கையில் இல்லை. ஓவியர் வின்சென்ட் வான்கோ தன் தம்பி தியோவுக்கு எழுதியவற்றில் சுமார் 650 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. தம்பி எடுத்து வைத்தார். தம்பி எழுதியவற்றில் மிஞ்சியவை ஏறக்குறைய 40தான். அண்ணனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மாதாமாதம் பணம் அனுப்பி அண்ணனைக் காப்பாற்றிய தம்பி என்ன நினைத்தார் என்பதைப் பாதிக்கு மேல் ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. பெட்டியில் போடும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். நான் எடுப்பதில்லை. நகல் வைத்துக்கொண்டால் அலுவலகக் கடிதம் எழுதின மாதிரி ஆகிவிடுகிறது. உங்களுக்கு அந்தக் கூச்சம் இல்லையென்றால் தாராளமாக எடுங்கள்.