பழம்பதிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வெனிஸில் ஆல்டுஸ் மனுட்டியுஸ் அச்சிட்ட சிறிய லத்தீன் நூல்களுக்கு அந்தக் காலத்திலேயே பிரான்சின் லியோன் நகரில் போலி வந்தது என்கிறார்களே. கையில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ரோமக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளுக்கு ஆல்டுஸ் போட்ட பதிப்பு 1501 ஏப்ரலில் வந்தது. முழுக்கச் சாய்வெழுத்தில் அச்சான முதல் நூல் அதுதான். எழுத்துகளை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அளவு ஆக்டேவோ, அதாவது ஒரு தாளை எட்டு ஏடாக மடித்த சிறிய அளவு. நூல் விலைபோனதும் லியோன்காரர்கள் அதே அளவில், அதே சாயலில், இடமோ ஆண்டோ அச்சகப் பெயரோ போடாமல் இறக்கிவிட்டார்கள்.

நங்கூரமும் டால்பினும் கொண்ட ஆல்டுஸின் அச்சக முத்திரை இல்லையென்றால் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த முத்திரை 1502இல்தான் புழக்கத்துக்கு வந்தது. 1501 நூல்களில் அதைத் தேடிப் பயனில்லை.

1503 மார்ச் 16 தேதியிட்ட எச்சரிக்கைத் தாளில் ஆல்டுஸே அடையாளம் சொல்லியிருக்கிறார்: தாள் மட்டம், ஒருவித வாடை, எழுத்தில் பிரெஞ்சு சாயல், மெய்யெழுத்து உயிரெழுத்தோடு ஒட்டாமல் தனித்து நிற்பது. கூடவே லியோன் அச்சின் பிழைகளையும் பட்டியலிட்டார். வேடிக்கை என்னவென்றால், லியோன்காரர்கள் அந்தப் பட்டியலை வைத்தே தங்கள் அடுத்த அச்சுகளைத் திருத்திக்கொண்டார்கள்! ஆகவே பிழை இருந்தால் சந்தேகப்படலாம். இல்லாததை நற்சான்றாகக் கொள்ள முடியாது. நூலகங்களின் மின்படியைத் திறந்து ஒரே பக்கத்தை அருகருகே வையுங்கள். வரி முடிவுகளையும் கூட்டெழுத்துகளையும் (ஒன்றாக ஒட்டி வார்த்த எழுத்துகள்) ஒப்பிட்டால் போதும்.

கேள்வி: ஏடுகள் குறையாமல் இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது? பக்க எண்ணே இல்லையே.

பதில்: தாளை மடித்துச் சேர்த்துத் தைக்கும் ஏட்டுக்கட்டுக்கு மடிப்பு என்று பெயர்; அவற்றை வரிசைப்படுத்த ஏட்டின் அடியில் அச்சிட்ட மடிப்புக் குறியைப் பாருங்கள். எட்டு ஏடு கொண்ட மடிப்பில் முதல் நான்கு ஏடுகளில் மட்டும் a, aii, aiii, aiiii என்று இருக்கும். பின் நான்கில் குறி இராது. லத்தீன் அச்சகத்தார் 23 எழுத்துகளையே வரிசைக்குப் பயன்படுத்தினார்கள். j, w இரண்டும் கிடையாது. U, v இரண்டில் ஒன்றுதான் வரும். புதிதாக வாங்குகிறவர்கள் j மடிப்பைக் காணோம் என்று பதறுவது இங்கேதான். பல நூல்களின் கடைசியில் மடிப்பு வரிசை அச்சாகியிருக்கும், அதோடு சரிபாருங்கள். பெரும்பாலும் தொலைவது கடைசி வெற்றேடு.

வேறு படியிலிருந்து ஏடு எடுத்துச் செருகியிருந்தால் புழுத்துளை காட்டிக்கொடுக்கும்: முன்னும் பின்னும் துளை இருக்க, நடுவே ஓர் ஏடு மட்டும் முழுசாக இருக்கும். பழைய ஏடுகளில் எழுத்து தாளில் பதிந்திருக்கும்; பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் பள்ளம் தெரியும். பிற்காலத்தில் நகலெடுத்துச் சேர்த்த ஏடு பெரும்பாலும் வழவழவென்று கிடக்கும். துவண்டு, சொரசொரப்பற்றுப் போன தாள் என்றால் கழுவி வெளுத்திருக்கிறார்கள். விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: நெதர்லாந்தின் லெய்டன் நகரில் எல்செவியர் அச்சகம் 1635இல் அச்சிட்ட ஜூலியஸ் சீசரின் நூலில் முதல் அச்சை எப்படி அடையாளம் காண்பது?

பதில்: இங்கே பிழைதான் சான்று. முதல் அச்சில் 149, 335, 475ஆம் பக்கங்கள் 153, 345, 375 என்று தவறாக எண்ணிடப்பட்டிருக்கும். மூன்றையும் பாருங்கள், ஒன்று மட்டும் போதாது.