காது மந்தமானால் நடையும் தடுமாறுமா?

சேலத்தில் காது பரிசோதனை செய்வதே என் தொழில். இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அப்பாவுக்கு 68 வயது. அம்மாப்பேட்டையில் ரொம்ப வருடம் விசைத்தறி ஓட்டியவர். காது மந்தம். ஆறு மாதத்தில் இரண்டு தடவை விழுந்துவிட்டார். சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாங்க. கேட்பதற்கான நத்தை வடிவ உறுப்பும், உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்ளும் மூன்று அரைவட்டக் குழாய்களும் உள்காதில் ஒட்டியே இருக்கின்றன. இரண்டுக்கும் செய்தி கொண்டு போவது ஒரே நரம்பு, எட்டாவது மூளை நரம்பு. வயதாக ஆக இரண்டிலும், சத்தத்தையும் அசைவையும் உணரும் மயிர்செல்கள் குறையும். அப்பாவுக்குத் தறிச் சத்தமும் சேர்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் 40 முதல் 69 வயது வரையுள்ள சுமார் 2,000 பேரின் விவரங்களைப் பார்த்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. 25 டெசிபல் குறைபாடு, அதாவது லேசான மந்தம் இருந்தவர்களுக்கே, விழுந்ததாகச் சொல்வதற்கு, நன்றாகக் கேட்பவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வாய்ப்பு இருந்தது. காதுதான் தள்ளிவிட்டது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் தொடர்பு உண்டு.

இன்னொன்றை என் அறையிலேயே பார்க்கிறேன். பெரியவர் நடந்து வருவார், பின்னாலிருந்து மகள் ஏதோ கேட்பார், உடனே கால் நின்றுவிடும். பேச்சைப் பிடிக்கவே மூளை முழுக் கவனத்தையும் செலவழித்தால், அடுத்த அடிக்கு மிச்சம் இருக்காது. வீட்டில் கவனித்துப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: வலது பக்கம் புரண்டு படுத்தால் வீடே சுற்றுகிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடுகிறது. காது நன்றாகத்தான் கேட்கிறது.

இது வேறு. உள்காதுச் சுண்ணாம்புத் துகள் இடம் மாறிக் குழாய்க்குள் போயிருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையை முறையாகத் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார். தலைசுத்தல் மாத்திரையை மாதக்கணக்கில் போடாதீர்கள்.

ஏற்காடு மலை ஏறும்போது அம்மாவுக்குக் காது அடைக்கிறது. பயப்படணுமா?

வேண்டாம். நடுக்காதுக் காற்றழுத்தம்தான். எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். ஆனால் மலையோ சமவெளியோ, ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் தரும்.

காது மிஷின் போட்டால் விழுவது நின்றுவிடுமா?

அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். தினமும் போடுகிறவர்கள் குறைவாக விழுகிறார்கள் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைத்த மிஷினால் ஒன்றும் நடக்காது. இதைத்தான் அதிகம் பார்க்கிறேன், மனசு வலிக்கிறது. கண்புரை, சர்க்கரையால் மரத்த பாதம், தூக்க மாத்திரை இவையும் ஆளை விழத்தட்டும். ராத்திரி பாத்ரூம் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். அப்புறம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது, ஒற்றைக் காலில் நிற்கப் பழக்குங்கள்.

பரிசோதனைக்கு அழைத்து வரும்போது மாத்திரைப் பையையும் எடுத்து வாருங்கள். எத்தனை தடவை விழுந்தார், எங்கே விழுந்தார் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.