பனிக்காலப் பேச்சும் பிட்ஸ்பர்க்கின் இரண்டு இளைஞர்களும்

வணக்கம் சார்,

பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்தவன். பையன் இங்கே சிறுவர்களுக்கான லிட்டில் லீகில் கேட்சராக (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) ஆட ஆரம்பித்த பிறகுதான் பேஸ்பால் பக்கம் வந்தேன். 2025 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸும் டொரோண்டோ ப்ளூ ஜேஸும் மோதிய வேர்ல்ட் சீரிஸை, அதாவது சாம்பியனை முடிவு செய்கிற கடைசித் தொடரை, ஏழு ஆட்டமும் விடாமல் பார்த்தோம். அது முடிந்ததிலிருந்து ஆபீசில் ஒரே பேச்சு: யார் எந்த அணிக்குப் போகிறார், எத்தனை வருடம், எத்தனை மில்லியன். எனக்கு ஐபிஎல் ஏலம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆட்டமே நடக்காத இந்த மாதங்களில் இவ்வளவு பேச என்ன இருக்கிறது? எங்கள் ஊர் அணியான பைரேட்ஸ் பெரிய ஆட்டக்காரர்கள் யாரையும் வாங்குவதில்லை. அதனால் இந்தப் பேச்சில் எங்கள் ஊருக்கு இடமே இல்லை என்று தோன்றுகிறது. அடுத்து வரும் 2026 சீசனில் நானும் பையனும் யாரையெல்லாம் கவனித்துப் பார்க்கலாம் என்று ஒரு நாலு பேர் சொல்லுங்கள்.

ர., பிட்ஸ்பர்க்

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீங்கள் கேட்ட நாலு பேரில் இரண்டு பேர் உங்கள் பைரேட்ஸ் அணியில்தான் இருக்கிறார்கள். இந்தப் பனிக்காலப் பேச்சில் பிட்ஸ்பர்க்குக்கு இடமில்லை என்று நீங்கள் எழுதியது அதனால்தான் என்னை உடனே பதில் எழுத வைத்தது.

முதலில் இந்தப் பேச்சு என்ன என்று பார்ப்போம். இது ஐபிஎல் மாதிரி ஏலம் இல்லை. கூடத்தில் உட்கார்ந்து அட்டையைத் தூக்குவது கிடையாது. வீரரின் ஏஜென்ட் ஒவ்வொரு அணியோடும் தனித்தனியாகப் பேசுவார். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது, திடீரென்று ஒரு ராத்திரியில் முடிந்துவிடும். அணிக்கு இவ்வளவுதான் செலவு என்ற உச்சவரம்பும் கிடையாது. ஒரு அளவைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், அவ்வளவுதான். 2026க்கு அந்த அளவு 24.4 கோடி டாலர். டாட்ஜர்ஸ் மாதிரி அணிகள் வரியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொண்டே போகின்றன. 2026 ஜனவரியில்கூட கைல் டக்கரை நாலு வருடத்துக்கு 24 கோடி டாலர் கொடுத்து எடுத்தார்கள். அதற்கு முந்தைய பனிக்காலத்தில் நியூயார்க் மெட்ஸ் ஹுவான் சோட்டோவுக்குக் கொடுத்தது 15 வருடத்துக்கு 76.5 கோடி.

இந்தத் தொகைகளைக் கேட்டு மலைத்துப்போகும் முன்னால் ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேஜர் லீகில் (அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு பிரிவாக இருக்கிற உச்சப் படி) ஆறு வருட சர்வீஸ் முடிந்தால்தான் ஒரு வீரர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, விரும்பிய அணியோடு பேரம் பேசலாம். அதுவரை அவரை எடுத்த அணிக்குத்தான் அவர் மேல் உரிமை. முதல் மூன்று வருடம் அணி கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே இருக்கும். 2026க்கு அது 7.8 லட்சம் டாலர். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன். ஒத்துப்போகவில்லை என்றால் வீரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும், நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நடுவில் ஒரு தொகையைச் சொல்லி முடித்துவைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. டெட்ராய்ட்டின் டாரிக் ஸ்குபல், அமெரிக்கன் லீகின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதைத் தொடர்ந்து இரண்டு வருடம் வாங்கியவர், 2026க்கு 3.2 கோடி கேட்டார். அணி சொன்னது 1.9 கோடி. 2026 சீசன் முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட். அதனால்தான் அவரை டெட்ராய்ட் வைத்துக்கொள்ளுமா, விற்குமா என்று உங்கள் ஆபீசில் தினம் பேசுகிறார்கள்.

இந்த ஆறு வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதில் மேலே வருகிற ஒருவர் சந்தைக்கு வரும்போது முப்பதை நெருங்கியிருப்பார். சோட்டோ பத்தொன்பது வயதிலேயே வந்துவிட்டதால்தான் இருபத்தாறில் அவருக்கு அந்த விலை. மற்றபடி பனிக்காலத்துப் பெரிய தொகைகளில் பாதி, அந்த வீரர் வேறொரு ஊரில் ஏற்கெனவே ஆடி முடித்த ஆட்டத்துக்கான கூலி. அடுத்த சீசனில் யாரைப் பார்க்கலாம் என்று தேடுகிறவர் அதனால் விலைப் பட்டியலின் உச்சியில் இருந்து தொடங்க வேண்டியதில்லை. இன்னும் பெரிய விலை பேசப்படாதவர்கள் பக்கம் திரும்பலாம்.

அப்படித் திரும்பினால் முதலில் நிற்கிறவர் பால் ஸ்கீன்ஸ். உங்கள் ஊர்க்காரர்களுக்கு அவரைத் தெரியும், ஆனால் சரியாகப் பார்க்கிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம். அணிகள் புதியவர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், 2023இல் முதலாவதாக எடுக்கப்பட்டவர். 2024 மே 11 அன்று முதல் ஆட்டம். இரண்டே மாதத்தில் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் நேஷனல் லீகுக்காக முதல் பந்து வீசினார். அந்த வருடம் சிறந்த புதுமுகம், அடுத்த வருடம் சை யங், அதுவும் ஒரு ஓட்டுகூடச் சிதறாமல். 2025இல் அவருடைய இஆர்ஏ 1.97, அதாவது தன் கணக்கில் சராசரியாக ஒன்பது இன்னிங்ஸுக்கு இரண்டு ரன்கூடக் கொடுக்கவில்லை. அதே சீசனில் அவருடைய வெற்றி தோல்விக் கணக்கு 10-10.

உலகத்திலேயே சிறந்த பிட்ச்சர் ஒருவர் பத்து ஆட்டத்தில் எப்படித் தோற்றார்? மே 18 அன்று ஃபிலடெல்பியாவில் நடந்ததைப் பார்த்தால் புரியும். எட்டு இன்னிங்ஸ் முழுக்க வீசினார். மூன்றே மூன்று ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி பேட்டர் வெளியேறுவது), ஒரே ஒரு ரன். ஆட்டம் 1-0 என்று போய்விட்டது. சொந்த மைதானத்தில் ஆடிய ஃபிலடெல்பியா அணி முந்தியிருந்ததால் ஒன்பதாவது இன்னிங்ஸில் அது பேட் செய்யவே வேண்டியிருக்கவில்லை. அதனால் எட்டே இன்னிங்ஸில் அது ஸ்கீன்ஸின் முதல் கம்ப்ளீட் கேமாகவும் (ஒரே பிட்ச்சர் ஆட்டம் முழுக்க வீசுவது) ஆனது, தோல்வியாகவும் ஆனது. அந்த வருடம் பைரேட்ஸ் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) எண்ணிக்கையில் 30 அணிகளிலும் கடைசி. 71 வெற்றி, 91 தோல்வி. பேட்டர்கள் ரன் எடுக்காவிட்டால் பிட்ச்சர் கணக்கில்தான் தோல்வி எழுதப்படும். கிரிக்கெட்டிலிருந்து வருகிற நமக்கு இது அநியாயமாகத் தெரியும். அநியாயம்தான். பிட்ச்சரின் வெற்றி தோல்வி எண்ணிக்கையை இனிமேல் நீங்கள் பார்க்கவே வேண்டாம்.

வீசும்போது அவரிடம் என்ன பார்ப்பது? நேராக வருகிற ஃபாஸ்ட்பால் சராசரியாக மணிக்கு 98 மைல், தேவைப்பட்டால் 100. இன்னொரு பந்து இருக்கிறது, ஸ்ப்லிங்கர் என்கிறார்கள். ஸ்ப்ளிட்டரும் சிங்கரும் கலந்தது. அதுவும் 94 மைல் வேகத்தில் வருகிறது. பாதி தூரம் வரைக்கும் இரண்டும் ஒரே பந்து மாதிரிதான் இருக்கும். பேட்டர் முடிவு எடுத்தாக வேண்டிய கணத்துக்குப் பிறகு ஒன்று நேரே போகும், மற்றது வலது கை பேட்டரின் முழங்காலை நோக்கி உள்ளே வளைந்து இறங்கும். பேட்டரின் முகத்தைப் பார்த்தாலே எது வந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

இரண்டாவது ஆள் கானர் கிரிஃபின். ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கிற ஃபீல்டர். 2026 ஏப்ரல் கடைசியில்தான் இருபது வயது ஆகிறது. 2024இல் மிசிசிப்பியில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு டிராஃப்டில் ஒன்பதாவதாக எடுத்தார்கள். ஓட்டம், கை பலம், உடம்பு எல்லாம் முதல் தரம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அவருடைய ஸ்விங்கைப் பார்த்துவிட்டு, நல்ல பிட்ச்சிங் வந்தால் இந்தப் பையனுக்கு அடிக்க வருமா என்று எட்டு அணிகள் தயங்கின. 2025இல் ஒரே வருடத்தில், மேஜர் லீகுக்குக் கீழே இருக்கிற மைனர் லீகின் மூன்று படிகளில் ஆடினார்: பிரேடன்டன், கிரீன்ஸ்பரோ, கடைசியில் உங்களுக்கு இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஆல்டூனா. மொத்தத்தில் சராசரி .333 (மூன்று வாய்ப்புக்கு ஒரு ஹிட்), 21 ஹோம் ரன், 65 ஸ்டீல் (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது). தயங்கிய அணிகள் இன்றைக்கு வருத்தப்பட்டுக்கொண்டிருக்கும்.

இவரை ஏப்ரலிலேயே மேலே கொண்டுவருவார்களா என்பதுதான் இப்போது பிட்ஸ்பர்க்கில் பேச வேண்டிய பேச்சு. அதில் ஒரு பழைய சூது இருக்கிறது. சீசனில் 172 நாள் மேஜர் லீகில் இருந்தால் ஒரு வருட சர்வீஸ். அதனால் அணிகள் புதுப் பையனை ஆரம்பத்தில் இரண்டு வாரம் கீழே வைத்திருந்து, ஆறு வருடத்தை ஏழாக இழுத்துக்கொள்ளும். 2015இல் சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்டை இப்படித்தான் வைத்திருந்தது. அவருக்கு 171 நாள் கிடைத்தது. ஒரே ஒரு நாள் குறைவு. அந்த வருடம் சிறந்த புதுமுகமே அவர்தான். முறையிட்டுப் பார்த்தார், தோற்றார். அதற்குப் பிறகு வீரர் சங்கமும் உரிமையாளர்களும் போட்ட 2022 ஒப்பந்தத்தில் இதைக் கொஞ்சம் சரி செய்தார்கள். சிறந்த புதுமுக விருதில் முதல் இரண்டு இடம் வந்தால் முழு வருடமும் கணக்கில் சேரும். மே மாதம் வந்த ஸ்கீன்ஸுக்கு 2024 முழு வருடமாக ஆனது அப்படித்தான். தகுதியான புதியவரை முதல் நாளிலிருந்தே ஆடவைக்கிற அணிக்கு, அவர் விருது வாங்கினால் கூடுதலாக ஒரு டிராஃப்ட் வாய்ப்பும் உண்டு. ஆகவே கிரிஃபினை முதல் நாளே இறக்கினால் பைரேட்ஸுக்கு நஷ்டம் இல்லை. ஆட்டம் தயாராக இருந்தால் இறக்க வேண்டும். கணக்குப் பார்த்துக் கீழே வைத்திருந்தால் அதை ரசிகர்கள் மன்னிக்கக் கூடாது.

பைரேட்ஸ் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இந்தப் பனிக்காலத்தில் பிராண்டன் லோவையும் ரையன் ஓஹெர்னையும் கொண்டுவந்திருக்கிறார்கள். இருவருமே பந்தைத் தூக்கி அடிக்கிறவர்கள். ஸ்கீன்ஸ் பின்னால் இரண்டு ரன்னாவது போட ஆள் வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஒருவழியாகப் புரிந்திருக்கிறது. 2015க்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே போகாத ஊருக்கு இது போதுமா என்றால், போதாது. ஆனால் திசை சரி.

மூன்றாவது ஆள், சிகாகோ வைட் சாக்ஸ் எடுத்திருக்கிற முனெடாகா முராகாமி. 2022இல் ஜப்பானில் 56 ஹோம் ரன் அடித்தார். சடஹாரு ஓ வைத்திருந்த 55ஐத் தாண்டியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. பெரிய தொகைக்குப் போவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிடைத்தது இரண்டு வருடத்துக்கு 3.4 கோடி. காரணம், பந்தைத் தவறவிடுவது ரொம்ப அதிகம். ஜப்பானைவிட வேகமாக வீசுகிற இடத்தில் அது இன்னும் கூடும் என்று அணிகள் பயந்தன. பட்டால் கூரை, படாவிட்டால் ஸ்ட்ரைக் அவுட். 2024இல் 121 ஆட்டம் தோற்ற ஒரு அணி துணிந்து எடுத்திருக்கிறது. உயரத்தில் வருகிற வேகப்பந்தை முதல் மாதத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாலாவது ட்ரே யெசாவேஜ். இவரை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். வேர்ல்ட் சீரிஸ் ஐந்தாவது ஆட்டத்தில், டாட்ஜர்ஸின் சொந்த மைதானத்தில் ஏழு இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக் அவுட், ஒரு பேட்டரைக்கூட வாக் (walk) மூலம் சும்மா முதல் பேஸுக்கு அனுப்பவில்லை. வேர்ல்ட் சீரிஸில் எந்தப் புதுமுகமும் அதற்கு முன் ஒரே ஆட்டத்தில் இத்தனை பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்ததில்லை. அந்த வருடத்தை மைனர் லீகின் கீழ்ப் படியில் ஆரம்பித்தவர், வழக்கமான சீசனில் மூன்றே ஆட்டம் வீசியவர். கை தலைக்கு மேலே செங்குத்தாக வருகிறது, பந்து அவ்வளவு உயரத்திலிருந்து கிளம்பி ஸ்ப்ளிட்டராகக் கடைசியில் விழுகிறது. யாருக்கும் பழக்கமில்லாத கோணம். ஆனால் இப்போது ஒரு பனிக்காலம் முழுக்க எல்லா அணியும் அந்த வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டாவது முறை சந்திக்கும் பேட்டர்களிடம் அவர் என்ன புதிதாகக் கொண்டுவரப் போகிறார் என்பதுதான் கேள்வி.

பையன் கேட்சர் என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் ஐந்தாவதாக சியாட்டிலின் கேல் ராலி. 2025இல் 60 ஹோம் ரன். அதுவரை கேட்சர் ஒருவரின் உச்சம் 48. கேட்சர் என்றால் ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து உட்கார்ந்து, அடி வாங்கி, பிட்ச்சருக்கு எந்தப் பந்து என்று சொல்லி, பிறகு எழுந்து போய் பேட் செய்ய வேண்டும். அவர் வலது, இடது என்று இரண்டு பக்கமும் நின்று பேட் செய்கிறவர் வேறு. அந்த வருடம், யார் அதிக ஹோம் ரன் அடிக்கிறார் என்று பார்க்கிற ஹோம் ரன் டெர்பியில் அவருக்குப் பந்து போட்டது அப்பா, பின்னால் கேட்ச் செய்தது தம்பி. பையனோடு அந்த வீடியோவைப் பார்த்துவிடுங்கள்.

டாட்ஜர்ஸின் நட்சத்திரம் ஷோஹெய் ஓட்டானியைச் சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். அவரைப் பார்க்கச் சொல்லி யாரும் எழுத வேண்டியதில்லை.

ஆபீஸ் பேச்சில் இன்னொன்றும் வரும். 2026 டிசம்பர் 1 அன்று வீரர் சங்கத்துக்கும் அணி உரிமையாளர்களுக்கும் உள்ள ஒப்பந்தம் முடிகிறது. டாட்ஜர்ஸ் செலவைக் காட்டி, உச்சவரம்பு வேண்டும் என்ற குரல் இப்போதே பலமாக இருக்கிறது. போன தடவை ஒப்பந்தம் முடிந்தபோது கதவடைப்பு 99 நாள் நீடித்தது. உச்சவரம்பால் பிட்ஸ்பர்க்குக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் அணியின் குறை, பக்கத்து வீட்டுக்காரன் அதிகம் செலவழிப்பது இல்லை, இவர்கள் செலவழிக்காததுதான். குறைந்தது இவ்வளவாவது செலவு செய்தாக வேண்டும் என்று ஒரு விதி வந்தால் ஸ்கீன்ஸ் 2029க்குப் பிறகும் அங்கே இருக்க வழி உண்டு. இப்போதுள்ள விதிப்படி அந்த வருடம் முடிந்ததும் அவர் ஃப்ரீ ஏஜென்ட்.

அப்புறம், டிக்கெட் வாங்கும்போது ஒரு யோசனை. ஸ்கீன்ஸ் வீசுவதை டிவியில் பார்ப்பதுதான் நல்லது. சென்டர் ஃபீல்ட் கேமரா அவருடைய முதுகுக்குப் பின்னாலிருந்து காட்டுவதால் பந்து எங்கே திரும்புகிறது என்று தெளிவாகத் தெரியும். மைதானத்தில் பக்கவாட்டில் உட்கார்ந்தால் வேகம் தெரியும், வளைவு தெரியாது. 2026 மார்ச்சில், நாடுகள் மோதுகிற வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக்கில் அமெரிக்காவுக்காக வீசுவதாகச் சொல்லியிருக்கிறார், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். கிரிஃபினை நேரில் பாருங்கள். மூன்றாவது பேஸ் பக்கம், கொஞ்சம் உயரமான வரிசையில் இடம் எடுங்கள். பேட்டில் பந்து படும் சத்தத்துக்கு அவர் எடுத்துவைக்கிற முதல் அடியை டிவி காட்டாது, கேமரா அந்த நேரத்தில் பேட்டர் மேல் இருக்கும். ஏப்ரலில் பைரேட்ஸின் மைதானமான பிஎன்சி பார்க்கில் அவர் இல்லையென்றால் எந்த மைனர் லீக் அணியில் இருக்கிறார் என்று பாருங்கள். ஆல்டூனா என்றால் ஒரு சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். மேலே வந்துவிட்டால் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வளவு குறைந்த விலையில் அவரைப் பார்க்க முடியாது.

அன்புடன்.