காலப் பயணம்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். விண்வெளிக்குப் போய்வந்தவர்களுக்கு வயது கொஞ்சம் குறைவாகத்தான் ஏறும் என்று ஒரு காணொளியில் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் காலப் பயணம் உண்மைதானே அப்பா?" என்று கேட்கிறாள். விமானத்தில் கடிகாரத்தை ஏற்றிச் சோதித்தார்கள், இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் ஜி.பி.எஸ். ஒரே நாளில் 11 கிலோமீட்டர் தப்பாகக் காட்டும் என்றெல்லாம் அதில் வருகிறது. இவை அளந்து பார்த்தவையா, ஏட்டுக் கணக்கா? எதிர்காலத்துக்குப் போகலாம் என்றால் இறந்தகாலத்துக்கு ஏன் போக முடியாது?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

எதிர்காலத்துக்குப் போவது அளந்து பார்த்த உண்மை. எவ்வளவு தூரம் போகலாம், அதற்கு என்ன விலை என்பதில்தான் சிக்கல். இறந்தகாலத்துக்குப் போவது முற்றிலும் வேறு கேள்வி. 'காலப் பயணம்' என்ற ஒரே சொல்லில் இரண்டையும் சேர்த்துக் கட்டுவதால்தான் இவ்வளவு குழப்பம்.

விமானச் சோதனை நடந்தது 1971 அக்டோபரில். ஜோசப் ஹாஃபலே, ரிச்சர்ட் கீட்டிங் என்ற இருவர் நான்கு சீசியம் அணுக்கடிகாரங்களுடன் (சீசியம் என்ற தனிமத்தின் அணுத் துடிப்பை வைத்து நேரம் காட்டும் மிகத் துல்லியமான கடிகாரங்கள்) சாதாரணப் பயணிகள் விமானங்களில் உலகைச் சுற்றினார்கள். முதலில் கிழக்குப் பக்கமாக, அடுத்து மேற்குப் பக்கமாக. திரும்பி வந்ததும் வாஷிங்டனில் அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் கடிகாரங்களோடு ஒப்பிட்டார்கள். கிழக்கே சுற்றியபோது சராசரியாக 59 நானோநொடி (ஒரு நானோநொடி என்பது நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) பின்தங்கியிருந்தன. மேற்கே சுற்றியபோது 273 நானோநொடி முந்தியிருந்தன. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை வைத்துப் போட்ட கணக்கு 40 பின்தங்கும், 275 முந்தும் என்றது. இரண்டிலும் இருபது சொச்சம் நானோநொடி கூடக் குறைய இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது.

ஒரு திசையில் பின்தங்கி மறு திசையில் முந்துவானேன்? இதை மகளுக்குக் காகிதத்தில் வரைந்து காட்டுங்கள். நிலநடுக்கோட்டில் தரையில் சும்மா இருக்கும் கடிகாரம்கூடப் பூமியோடு சேர்ந்து நொடிக்கு 465 மீட்டர் கிழக்கே ஓடுகிறது. நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் கிழக்கே பறந்தால் மொத்தம் 715, மேற்கே பறந்தால் 215. வேகம் கூடினால் கடிகாரம் மெதுவாகும். ஆகவே மேற்கே போகிற கடிகாரத்தைவிடத் தரையில் இருப்பதுதான் மெதுவாக ஓடும்! இதோடு உயரமும் சேர்கிறது. மேலே ஏற ஏற ஈர்ப்பின் பிடி தளர்ந்து கடிகாரம் விரையும். கிழக்குச் சுற்றில் வேகத்தால் 184 இழப்பு, உயரத்தால் 144 வரவு. மேற்கில் 96, 179 என்று இரண்டுமே வரவு.

நான்கு கடிகாரம் எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். அக்காலத்துச் சீசியம் கடிகாரத்தின் ஓட்டம் பயணத்தின் நடுவே திடீரென்று சற்று மாறிவிடும். ஒன்றை மட்டும் கொண்டுபோனால் மாறியது தெரியவே தெரியாது. நான்கையும் வழிநெடுக ஒன்றோடொன்று ஒப்பிட்டுவந்தால், மற்ற மூன்றோடு ஒத்துப்போகாமல் விலகுவது எது என்று பிடித்துவிடலாம். அப்படிப் பிடித்துத் திருத்திய பிறகு வந்த எண்களே மேலே சொன்னவை.

ஜி.பி.எஸ். பற்றிக் காணொளி சொன்னதில் பாதி சரி. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கடிகாரம் வேகத்தால் நாளுக்கு 7 மைக்ரோநொடி (ஒரு மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இழந்து, உயரத்தால் 45 மைக்ரோநொடி பெறுகிறது, நிகரம் 38. அந்த நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டர் போகும். ஆனால் எல்லாச் செயற்கைக்கோள்களும் ஒரே அளவு முந்தினால், உங்கள் செல்பேசி தன் சொந்தக் கடிகாரப் பிழையைத் தீர்க்கும்போதே அதில் பெரும்பகுதியையும் கழித்துவிடும். இடம் 11 கிலோமீட்டர் தள்ளிக் காட்டாது, கெடுவது நேரம். அதனால்தான் 10.23 மெகாஹெர்ட்ஸில் துடிக்க வேண்டிய கடிகாரத்தை, ஏவுவதற்கு முன்பே 10.22999999543 என்று குறைத்து வைக்கிறார்கள். 1977இல் ஏவிய என்டிஎஸ்-2 செயற்கைக்கோளில் இந்தத் திருத்தத்தைப் போடாமல் முதல் இருபது நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கோட்பாடு சொன்ன அளவை ஒட்டியே அது முந்தியது.

விண்வெளி வீரர்களின் வயதை மகளே கணக்கிடலாம். சர்வதேச விண்வெளி நிலையம் நொடிக்கு 7.66 கிலோமீட்டர் ஓடுகிறது. அதை ஒளியின் வேகமான 3 லட்சத்தால் வகுத்து, வர்க்கமாக்கி, பாதியாக்கி, ஒரு நாளின் 86,400 நொடியால் பெருக்கினால் சுமார் 28 மைக்ரோநொடி வரும். உயரத்துக்காக மூன்றரையைக் கழித்தால் நாளுக்கு ஏறத்தாழ 25. ரஷ்ய வீரர் ஓலெக் கோனோனென்கோ மொத்தம் 1,110 நாட்கள் விண்வெளியில் இருந்திருக்கிறார். அவர் எதிர்காலத்துக்குள் தாவியது 0.03 நொடிக்கும் சற்றுக் குறைவு.

இதை ஆண்டுக்கணக்கில் பெருக்க நினைத்தால் விலை தலைக்குமேல் போகிறது. கப்பலில் ஒரு வருடம், பூமியில் பத்து வருடம் என்றால் ஒளிவேகத்தில் 99.5 சதவீதம் வேண்டும். அந்த வேகத்தில் ஒரு டன் எடையின் இயக்க ஆற்றல் மட்டும் உலகம் முழுவதும் ஒரு வருடத்துக்குச் செலவழிக்கும் ஆற்றலைவிட அதிகம். எரிபொருளையும் சுமந்துதான் போக வேண்டும். பொருளும் எதிர்ப்பொருளும் சேர்ந்து முழுக்க ஒளியாக மாறித் தள்ளும் மிகச்சிறந்த ராக்கெட்டாக இருந்தாலும், போய் நின்று, திரும்பி வந்து நிற்க, ஒரு டன்னுக்கு 1,60,000 டன் எரிபொருள் வேண்டும். வழியில் ஒரு மில்லிகிராம் தூசு மோதினால் 190 டன் டிஎன்டி வெடித்ததற்குச் சமம். இயற்பியல் இதைத் தடுக்கவில்லை. பொறியியலில் வழி தெரியவில்லை.

இறந்தகாலத்துக்கு வருவோம். 1949இல் கணித மேதை குர்ட் கோடல் ஐன்ஸ்டைன் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வு கண்டார். பிரபஞ்சம் முழுவதும் சுழன்றால், முன்னோக்கியே போய்ப் பழைய நேரத்துக்கு வந்து சேரலாம். நம் பிரபஞ்சம் அப்படிச் சுழல்வதாகத் தெரியவில்லை. 1988இல் அமெரிக்க இயற்பியலாளர் கிப் தோர்னும் அவர் மாணவர்களும் காட்டியது புழுத்துளை வழி. புழுத்துளை என்பது தொலைவிலுள்ள இரண்டு இடங்களை இணைக்கும் ஒரு குறுக்குவழி, இருபுறமும் வாய் உள்ள சுரங்கம் மாதிரி. துளையின் ஒரு வாயை மிக வேகமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், இரு வாய்களுக்கும் இடையே கால வித்தியாசம் விழும். ஹாஃபலே, கீட்டிங் கடிகாரங்களில் விழுந்த அதே வித்தியாசம்தான், பிரம்மாண்டமாக. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: அந்தத் துளையை அமைத்த நாளுக்கு முன்னால் போகவே முடியாது. ராஜராஜனைப் பார்க்க ராஜராஜன் காலத்திலேயே ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை, துளை திறந்திருக்க வேண்டும் என்பது. உள்ளே போகும்போது குவியும் ஒளிக்கதிர்கள் மறுபக்கம் விரிந்து வெளியேற வேண்டும். நமக்குத் தெரிந்த எந்தப் பொருளின் ஈர்ப்பும் ஒளியைக் குவிக்குமே தவிர விரிக்காது. இதைச் சொல்லும் சமன்பாட்டை 1955இல் தந்தவர் கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி. விரிக்க வேண்டுமானால் எதிர்மறை ஆற்றல், அதாவது வெறும் வெற்றிடத்தைவிடவும் குறைந்த ஆற்றல், தேவை. ஒரு மீட்டர் அகலத் துளைக்கு, எளிய கணக்கில், வியாழன் கோளின் நிறைக்கு இணையான அளவு. எதிர்மறை ஆற்றல் வெறும் கற்பனையும் அல்ல. மின்னேற்றம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளியில் வைத்தால் அவை தாமாக ஒன்றையொன்று இழுக்கும். தகடுகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தின் ஆற்றல் வெளியே உள்ளதைவிடக் குறைந்துபோவதால் வரும் இழுப்பு இது. இதுவே காசிமிர் விளைவு. ஆனால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அந்த இழுப்பு 13 மைக்ரோகிராம் எடை அளவுதான். தகடுகளின் சொந்த நிறையைச் சேர்த்தால் மொத்தக் கணக்கு மறுபடி நேர்மறைக்கே வந்துவிடும்.

அதையும் தாண்டினால் ஸ்டீஃபன் ஹாக்கிங் 1992இல் எழுப்பிய தடை நிற்கிறது. துளை கால இயந்திரமாக மாறப்போகும் அந்தக் கணத்தில், வெற்றிடத்தின் குவாண்டம் அலைவுகள் (வெற்றிடத்திலும் ஓயாமல் நிகழும் நுண்ணிய ஆற்றல் ஏற்ற இறக்கங்கள்) அதன் வழியே சுற்றிச் சுற்றி வந்து தம்மேலேயே குவிந்து அதை அழித்துவிடும் என்பது அவர் ஊகம். அந்தக் குவிதல் எல்லையற்றுப் போகுமா, நடுவில் நிற்குமா என்பதை முடிவுசெய்ய ஈர்ப்பையும் குவாண்டம் இயற்பியலையும் இணைக்கும் கோட்பாடு வேண்டும். அது வராதவரை யாரும் 'முடியாது' என்று முத்திரை குத்த முடியாது. என் நம்பிக்கை ஹாக்கிங் பக்கம்தான். உங்கள் மகள் மறுத்தால் மறுக்கட்டும். ஆனால் அந்த எதிர்மறை ஆற்றல் எங்கிருந்து வரும் என்பதற்கு அவளிடம் ஒரு பதில் இருக்க வேண்டும்.